பிளசர் கார்

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிழவர்கள் காரைக் கார் என்று சொல்வதில்லை, ‘பிளசர்’ என்பார்கள். லாரி வேறு, பஸ் வேறு, பிளசர் வேறு. முன்னவை இரண்டும் பாரம் சுமக்கவும் கூலிக்கு ஓடவும் ஏற்பட்டவை. மூன்றாவதோ இன்பத்திற்கென்றே ஏற்பட்டது. ஆங்கிலத்தில் ஒரு வரி படித்தறியாத அவர்கள், வெள்ளைக்காரன் வைத்த பெயரின் பொருளை அவனைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதிலும் நீளமான அமெரிக்க வண்டி ஒன்று தெருவுக்குள் வந்துவிட்டால் அது ‘படகுக் கார்’. படகுக் காரிலிருந்து இறங்குகிறவர் பண்ணையாராக இருப்பார். அல்லது ஆலை முதலாளியாக இருப்பார். சினிமாவாக இருந்தால் வில்லனாக இருப்பார். மாதச் சம்பளக்காரன் ஒருவன் அதிலிருந்து இறங்குவான் என்று எவரும் கனவிலும் கருதியதில்லை.

இன்று சம்பளக்காரன் இறங்குகிறான். அதுவும் முப்பது வயது நிரம்பாத சம்பளக்காரன். நம் விடுதியின் உணவுக்கூடத்தில் இறுதியாண்டு நண்பர்கள் கூடிவிட்டால் பேச்சு மூன்றே அடியில் எங்கே போய் நிற்கிறது என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எந்தக் கம்பெனி வருகிறது, என்ன சம்பளம் தருகிறது, எத்தனையாவது ஆண்டில் எந்தக் கார் வாங்கலாம் — இவ்வளவுதான். மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி என்ற பெயர்கள், ஒரு காலத்தில் நம் முன்னோர் முருகன், கந்தன், கடம்பன் என்று அடுக்கியதைப்போல் அடுக்கப்படுகின்றன. வாதத்தின் முடிவில் ஒருவர், “வாங்கலாமா, கூடாதா? விலைக்குத் தகுமா, தகாதா?” என்று கேட்பார். விடை சொல்லாமலே எல்லாரும் தட்டைக் கழுவப் போய்விடுவோம். அந்த விடையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எளிமையைப் பற்றிய உபதேசம் எதுவும் இதில் வராது. இந்நாட்டில் எளிமையை உபதேசிக்கிறவர்களில் பலர், உபதேசம் முடிந்ததும் நல்ல காரில் ஏறிப் போகிறவர்கள். உழைத்துச் சம்பாதித்த பணத்தில் ஒருவன் தனக்கு இன்பமானதை வாங்கிக்கொள்வதில் குற்றம் ஒன்றுமில்லை. கேள்வி வேறு. கொடுத்த பணத்துக்கு என்ன கிடைக்கிறது? கொடுக்கிற பணம் யாருடையது? இவ்விரண்டும் தெரிந்தால் போதும்.

பழங்கதையைச் சற்றே சொல்ல வேண்டும். விடுதலை பெற்ற பின் நெடுங்காலம் இந்தியனுக்குக் கார் என்றால் மூன்றே வகை. கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர். பம்பாயில் செய்த பியட். நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு. வெளிநாட்டு வண்டிகளின் இறக்குமதி கிட்டத்தட்ட அடைக்கப்பட்டிருந்தது. பணம் இருந்தாலும் கார் கிடைக்காது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே அமைச்சர் போவதும் அம்பாசடர், டாக்டர் போவதும் அம்பாசடர், வாடகைக்கு ஓடுவதும் அம்பாசடர். வண்டியைப் பார்த்து ஆளை எடைபோட முடியாத காலம் அது. அதற்காகவே போலும், அமைச்சர்களின் கார் உச்சியில் சிவப்பு விளக்கு ஒன்றைச் சுழலவிட்டார்கள்! 2017 மே முதல் நாளோடு அந்த விளக்கு நீக்கப்பட்டது. அம்பாசடர் அதற்கு மூன்றாண்டு முன்னரே, 2014இல், நின்றுவிட்டது.

1983 திசம்பரில் மாருதி வந்தது. சம்பளக்காரனின் வீட்டு வாசலுக்குக் காரைக் கொண்டுவந்த பெருமை அதற்கே உரியது. தொண்ணூறுகளின் நடுவில் மெர்சிடிஸ் புனாவில் தொழில் தொடங்கியது. 2007இல் பி.எம்.டபிள்யூ. சென்னைக்குத் தெற்கே மறைமலைநகருக்கு அருகில் ஆலை அமைத்தது. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை பெயரைத் தாங்கிய ஊருக்கு அருகில் செருமானியக் கார் பூட்டப்படுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அடிகளார் அதற்கு என்ன தமிழ்ப் பெயர் இட்டிருப்பார் என்று தமிழ்த்துறை நண்பர்கள் ஆராயலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். இது கற்பனைக் கணக்கன்று. நம் மன்றத்தின் பழைய உறுப்பினர் ஒருவர், பெயர் வேண்டா, எனக்கு நான்கு ஆண்டு மூத்தவர், குருகிராமத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். வீடு மயூர் விகாரில். பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 2,40,000 ரூபாய். சென்ற மாதம் என்னை அழைத்து, “தம்பி, நீ வணிகவியல் படிக்கிறவன். ஒரு கார் பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டுச் சொல்” என்றார். காட்சியறையில் விலை 50 இலட்சம். கையில் சேமிப்பாக 12 இலட்சம் வைத்திருந்தார்.

50 இலட்சத்தோடு முடிகிறதா? தில்லியில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்குச் சாலை வரி நூற்றுக்குப் பத்து. அது ஐந்து இலட்சம். முதல் ஆண்டுக் காப்பீடு ஏறத்தாழ இரண்டு இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக வண்டி சாலையில் இறங்கும்போது 57 இலட்சம். (நூற்றுக்கு ஒன்று வருமான வரிக்காகப் பிடிப்பார்கள், அது பின்னால் கழிந்துவிடும், விட்டுவிடுவோம்.) அவருடைய 12 இலட்சம் போக 45 இலட்சம் கடன். வட்டி நூற்றுக்கு ஒன்பது, ஏழு ஆண்டுத் தவணை என்றால் மாதம் 72,400 ரூபாய் கட்ட வேண்டும். ஏழாண்டு முடிவில் 45 இலட்சத்துக்கு 60 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல் கட்டி முடித்திருப்பார்.

ஆனால் இத்தகைய காரை ஏழாண்டு வைத்திருப்பவர் குறைவு. ஐந்தாம் ஆண்டில் புதிய உருவம் வந்துவிடும். கண் அங்கே போய்விடும். ஐந்தாண்டில் விற்பதாகவே வைத்துக்கொள்வோம். காப்பீட்டுக்காரர்கள் காரின் மதிப்பைக் குறைக்க ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் கடந்தால் நூற்றுக்குப் பதினைந்து, ஓராண்டு கடந்தால் இருபது, பிறகு ஆண்டுக்குப் பத்து பத்தாக ஏறி, ஐந்தாம் ஆண்டில் ஐம்பது. அந்தக் கணக்கும் காட்சியறை விலையின்மேல்தான். சாலை வரி ஐந்து இலட்சம் கட்டிய அன்றே கரைந்தது. எனவே ஐந்தாண்டு கழித்து ஏட்டின்படி 25 இலட்சம். சந்தையில் ஆடம்பரக் காருக்கு அவ்வளவும் கிடைத்தால் விற்றவர் நல்லூழ் உடையவர்.

57இல் 25 போனால் நட்டம் 32 இலட்சம். ஐந்தாண்டில் கட்டிய வட்டி மட்டும் 14 இலட்சத்து 29 ஆயிரம். இரண்டும் சேர்ந்து 46 இலட்சத்துக்கு மேல். இதை 1,825 நாளால் வகுத்துப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வருகிறது. பெட்ரோல் ஊற்றாமல், சக்கரம் மாற்றாமல், பழுது பார்க்காமல், இரண்டாம் ஆண்டு முதல் காப்பீடு கட்டாமல், வண்டி வாசலில் சும்மா நிற்பதற்கு இது வாடகை. தில்லி மெட்ரோவில் எவ்வளவு நெடுந்தூரம் போனாலும், விமான நிலையப் பாதை நீங்கலாக, 2025 ஆகஸ்டில் உயர்த்திய பிறகுங்கூட, 64 ரூபாய்.

மெட்ரோவோடு ஒப்பிடுவது முறையன்று என்பீர்கள். சரி. காரோடே ஒப்பிடுவோம். 12 இலட்ச ரூபாயில் நல்ல கார் கிடைக்கிறது. வரியும் காப்பீடும் சேர்ந்து 13 இலட்சத்து 70 ஆயிரம். அவர் கையில் இருக்கும் சேமிப்போடு இன்னும் 1,70,000 சேர்த்தால் போதும். அந்தப் பெரிய கடனில் மூன்று மாதத் தவணைகூட ஆகாது. ஐந்தாண்டில் இது பாதி விலைக்குப் போனாலும் நட்டம் 7 இலட்சத்து 70 ஆயிரம், நாளொன்றுக்கு 420 ரூபாய்.

ஆக இரண்டுக்கும் இடையே நாளொன்றுக்கு 2,100 ரூபாய் வேறுபாடு. ஆடம்பரத்தின் உண்மை விலை இதுதான். 50 இலட்சம் அன்று. ‘கார் வாங்கலாமா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இந்த 2,100 ரூபாய்க்கு நாள்தோறும் எனக்கு என்ன வந்து சேருகிறது’ என்று கேட்டால் வழி தெளிவாகும்.

முதலில் வந்து சேருவது அமைதி. இதை நான் மறுக்கமாட்டேன். ஒருமுறை அத்தகைய காரில் யமுனா விரைவுச் சாலையில் ஆக்ரா வரை சென்றிருக்கிறேன். கதவை மூடியதும் உலகத்தின் கழுத்தைத் திருகியதைப்போல் ஓசை நின்றுவிடுகிறது. மேடு பள்ளம் காலுக்குத் தெரிகிறது, இடுப்புக்குத் தெரிவதில்லை. 165 கிலோமீட்டர் போய் இறங்கியபோது காலையில் குளித்துவிட்டு வந்த ஆள் போலவே இருந்தேன். வாரத்தில் இருமுறை நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் ஓடுகிற அறுபது வயது மருத்துவர் ஒருவர், முதுகு வலிக்காரர், கடனில்லாமல் வாங்குவாரானால், அவருக்கு அந்தக் கார் விலைக்குத் தகும் என்றே சொல்வேன். அவர் வாங்குவது ஆடம்பரம் அன்று; முதுகெலும்பு.

ஆனால் நம் அண்ணன் அன்றாடம் போவது மயூர் விகாரிலிருந்து குருகிராமம். அந்தச் சாலையில் காலை ஒன்பது மணிக்கு வேகம் என்பது ஒரு வதந்தி. மணிக்கு 250 கிலோமீட்டர் ஓடவல்ல எந்திரம், முன்னால் நிற்கும் ஆட்டோவின் புகையைப் பார்த்துக்கொண்டு முனகிக்கொண்டிருக்கும். விரைவுச் சாலைக்கே போனாலும், யமுனாவில் சட்டம் 100க்கு மேல் விடாது. நாட்டின் மிக நல்ல சாலையிலும் 120தான். விலை கொடுத்து வாங்கிய வேகத்தில் பாதிக்கு மேல் பெட்டியில் பூட்டி வைத்த பட்டுப் புடவை.

இரண்டாவது பாதுகாப்பு. ஆடம்பரக் கார் வாங்குகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். வீட்டில் சொல்லத்தக்க காரணம் அதுதானே! பத்தாண்டுக்கு முன்னர் இது வலுவான வாதமே. 2014இல் இந்தியச் சிறு கார்கள் சிலவற்றை வெளிநாட்டில் மோதிப் பார்த்தபோது, பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் வாங்காமல் தோற்றன. இன்று நிலைமை அதுவன்று. 2018இல் டாடா நெக்சான் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டுக்கே ஒரு சோதனை முறை வந்துவிட்டது. 12 இலட்சத்துக்குள் ஐந்து நட்சத்திர வண்டி இப்போது அரிய பொருள் அன்று. மேலும், விலை மட்டும் உயிரைக் காப்பதில்லை. 2022 செப்டம்பர் 4ஆம் நாள் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பால்கர் மாவட்டத்தில் ஒரு பாலத்தின் தடுப்புச் சுவரில் கார் மோதி இறந்தார். அவர் சென்றது மெர்சிடிஸ். பின்னிருக்கையில் இருந்த அவர் இடுப்புப் பட்டி அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை கூறியது. பின்னால் உட்காருகிறவன் பட்டி போடுவதற்குக் காசு கேட்பதில்லை. நம்மில் எத்தனை பேர் போடுகிறோம்?

மழையையும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மிண்டோ பாலத்துக்கடியில் ஆடி ஆவணியில் நீர் நிற்பது தில்லிவாசிகள் அறிந்ததே. எந்திரத்துக்குள் காற்றுப் போகும் வழியாக நீர் புகுந்தபின் சாவியைத் திருப்பினால், நீரை அழுத்த முடியாமல் உள்ளே தண்டு வளைந்துவிடும். சாதாரணக் காப்பீட்டில் இதற்குப் பணம் வாராது. தனியே சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். சிறு காருக்கும் இதே விதிதான் என்றாலும், புது எந்திரத்தின் விலையைக் கேட்டால் எந்தக் கார் என்பது விளங்கிவிடும். 2024 அக்டோபரில் சென்னையில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, படத்தில் பார்த்திருப்பீர்கள். தனக்கு நிழல் தரும் என்று வாங்கிய பொருளுக்கு, இரவோடிரவாக மனிதன் நிழல் தேடி அலைந்தான்.

மூன்றாவதுதான் உயிர் நிலை. மரியாதை.

மேற்சொன்ன கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். பிறகு, “தம்பி, கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று கேள். இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷம் ஆயிற்று. இந்தி இன்னும் அரைகுறைதான். ஆபீஸ் வாசலில் நிற்கிற காவல்காரன் என் சின்னக் காரை நிறுத்துகிறான். நான் வாயைத் திறந்ததும் ‘மதராஸி’ என்று தெரிந்துகொள்கிறான். அட்டையைக் காட்டு, இறங்கு, டிக்கியைத் திற என்கிறான். எனக்குப் பின்னால் வருகிற பெரிய காருக்கு சலாம் வைத்துக் கதவைத் திறக்கிறான். அதற்குள் இருக்கிறவன் எனக்குக் கீழே வேலை பார்க்கிறவன். அந்தக் கார் எனக்காக இந்தி பேசும் தம்பி” என்றார்.

நண்பர்களே, இதைச் சிரித்துத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. வாடகைக்கு அறை தேடி இந்நகரில் அலைந்தவர்கள் நம்மில் யாரும் இதைச் சிரித்துத் தள்ளமாட்டார்கள். மனிதனைப் பார்க்காமல் வண்டியைப் பார்க்கிற வழக்கம் இந்நாட்டில் உண்மையாகவே இருக்கிறது. அதற்குப் பெருஞ்சான்று நானோ கார். 2008 சனவரியில் தில்லி மோட்டார் கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். ஒரு இலட்ச ரூபாய்க் கார் என்று உலகமே வியந்தது. மழையில் நனைந்துகொண்டு ஸ்கூட்டரில் போகும் குடும்பத்துக்காகச் செய்தது அது. ஆனால் அந்தக் குடும்பம் அதை வாங்கவில்லை. ‘மிக மலிவான கார்’ என்று பெயர் வைத்த பொருளை வாசலில் நிறுத்த எவருக்கும் மனம் வரவில்லை. அப்படிப் பெயர் வைத்ததே பிழை என்று இரத்தன் டாட்டாவே பின்னர் ஒப்புக்கொண்டார். 2018இல் அது நின்றுபோயிற்று. நானோவைக் காட்டிய அதே 2008இல்தான் அதே நிறுவனம் 230 கோடி டாலர் கொடுத்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் வாங்கியது. மலிவு தோற்றது, மதிப்பு பிழைத்தது.

எனவே அண்ணன் வாங்க நினைப்பது பொய்ப்பொருள் அன்று. ஆனால் அதை அவர் வாங்கவில்லை, வாடகைக்கு எடுக்கிறார் என்பதே என் வழக்கு. அந்தக் கார் ஒரு பாகம் பழுதாகிப் பட்டறைக்குப் போகிறது; பாகம் செருமனியிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். அந்த இரண்டு வாரமும் அவர் ஆட்டோவில் போய் இறங்குவார். அதே காவல்காரன் அதே அட்டையைக் கேட்பான். ஏழாண்டில் ஒருவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் இந்தி படித்தால் எவ்வளவு பேசுவார்? அந்த இந்தி பட்டறைக்குப் போவதில்லை, அதற்குத் தேய்மானமும் இல்லை. (தமிழ் மன்ற இதழில் இந்தி படிக்கச் சொல்கிறானே என்று செயலாளர் என்மேல் பாய வேண்டா. காவல்காரனைத் திட்டுவதற்காவது படிக்கலாம்.) அந்த வாசலின் வழக்கத்தைப் பற்றி மேலாளரிடம் எழுத்தில் ஒரு முறையீடு கொடுத்தாரா என்று கேட்டேன். இல்லையாம். 50 இலட்சம் செலவழிக்கத் துணிந்தவர் ஒரு தாள் செலவழிக்கத் துணியவில்லை. அவமானத்தைச் சொல்வதைவிட அதை மூடிவிடுவதே நமக்கு எளிதாக இருக்கிறது.

கொடுக்கிற பணம் யாருடையது என்ற இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 2,40,000இல் 72,400 தவணை. வீட்டு வாடகை 40,000. ஊரில் ஓய்வு பெற்ற தந்தை. அவர் மருந்துக்கும் தங்கையின் படிப்புக்கும் மாதம் 35,000 அனுப்புகிறார். பெட்ரோல், சாப்பாடு, மற்றவை போனால் மிச்சம் பிடிப்பது கடினம். வேலை இருக்கும் வரை வண்டி ஓடும். மென்பொருள் தொழிலில் ஒரு காலையில் மின்னஞ்சல் ஒன்றின் வழியே ஆயிரக்கணக்கானோரை அனுப்பிவிடுவது கடந்த சில ஆண்டுகளாக நாம் காணும் காட்சி. வேலை போனால் வங்கிக்காரன் காரை எடுத்துக்கொண்டு போய் ஏலத்தில் விற்பான். விற்ற தொகை போதாவிட்டால் மீதிக் கடன் அண்ணன் பெயரில் அப்படியே இருக்கும். அப்போது தவணை கட்டப்போவது தங்கையின் படிப்பு. வள்ளுவர் வரவு செலவைப் பற்றிப் பேசுவது எந்த அதிகாரத்தில் என்று நினைவிருக்கிறதா? பொருள் செயல்வகையில் அன்று, வலியறிதலில். பகைமேல் படையெடுக்கும் அரசனுக்குச் சொல்கிற இடத்தில் குடும்பக் கணக்கைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஏன் என்று நான் பள்ளியில் வியந்ததுண்டு. இந்தத் தவணைக் கணக்கைப் போட்டபிறகு வியக்கவில்லை.

அரசின் பங்கையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்குப் பதினெட்டு; பெரிய கார்களுக்கு நாற்பது. 50 இலட்சத்தில் 14 இலட்சத்துக்கு மேல் இந்த ஒரு வரியே. ஆடம்பரத்துக்கு நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கு முன்னர் தீர்வையும் சேர்ந்து பெரிய வண்டிக்கு ஐம்பது வரை இருந்தது, குறைந்திருக்கிறது. மின்சாரக் காருக்கோ ஐந்துதான். பத்து இலட்சத்து வண்டியானாலும் ஐந்து, ஒரு கோடி ரூபாய் வண்டியானாலும் ஐந்து. கோடீசுவரன் ஐந்து கொடுக்க, சிறு பெட்ரோல் கார் வாங்கும் பள்ளி ஆசிரியர் பதினெட்டுக் கொடுக்கிறார். புகையைக் குறைக்க வேண்டியதுதான்; அதற்காக இந்த ஏற்றத்தாழ்வு வேண்டுமா? ஒரு விலைக்கு மேற்பட்ட மின்சாரக் காருக்குக் கூடுதல் வரி போட்டால் எந்தக் கோடீசுவரனும் மாட்டுவண்டிக்குப் போய்விடமாட்டான். கம்பெனி பெயரில் கார் வாங்கி, ஆண்டுதோறும் தேய்மானம் என்று இலாபத்தில் கழித்துக் காட்டுகிறவர்களின் காரில் ஒரு சக்கரமாவது நம்முடையது என்பதையும் மறக்க வேண்டா.

இன்னும் ஒரு வகை உண்டு. அதை எழுதும்போதே கை கூசுகிறது. “நான் ஏன் வாங்க வேண்டும்? மாமனார் வாங்கித் தருவார்.” இதை நம் விடுதியிலேயே, சிரித்துக்கொண்டு, படித்த வாய் சொல்லக் கேட்டேன். நகைக்காகச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் ஊரில் இது நகையன்று. மாப்பிள்ளையின் சம்பளத்துக்கு ஏற்ற கார் என்று தரகர் பட்டியல் சொல்கிறார். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. வாங்கினாலும் கொடுத்தாலும் ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை. அபராதம் 15,000 ரூபாய் அல்லது வாங்கியதன் மதிப்பு, இவற்றுள் எது பெரிதோ அது. அதாவது 50 இலட்சத்துக் காருக்கு 50 இலட்சம் அபராதம். எவரும் கட்டியதாகக் காதில் விழுவதில்லை. ‘அன்பளிப்பு’ என்று ரிப்பன் கட்டி மண்டபத்து வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். பெண்ணைப் பெற்றவர் நிலத்தை விற்ற பணத்தில் ஏறி உட்கார்ந்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறவனுக்கு அந்தக் கார் தகுமா என்று நான் கணக்குப் போடப்போவதில்லை.

பழைய காராக வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தில்லி இதற்குப் பெயர் போன சந்தை. பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாய ஆணையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 சூலை முதல் நாள் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருள் மறுப்பு என்று தொடங்கி, சில நாளிலேயே நிறுத்தினார்கள். ஆகஸ்டில் வயதை மட்டும் காட்டி நடவடிக்கை கூடாது என்று அதே நீதிமன்றம் இடைக்கால ஆணை இட்டது. இந்தக் குழப்பத்தில் நல்ல வண்டிகள் பலவும் அடிமாட்டு விலைக்குத் தெற்கே போயின. நம் ஊர்த் தரகர்கள் ‘டெல்லி வண்டி’ என்று தனியே ஒரு வகையாகவே சொல்வார்கள். வாங்கும்போது மலிவு, உண்மை. ஆனால் பழுது பார்க்கிறவன் புதுக் காரின் விலைக்குத்தான் கூலி கேட்பான், பாகமும் அப்படியே. யானையை இலவசமாகக் கொடுத்தாலும் கரும்பை நாம்தான் வாங்க வேண்டும். எந்திர நுட்பம் அறிந்த, தானே கையில் எண்ணெய் படிய வேலை செய்கிற பொறியியல் நண்பர்களுக்கு இது ஒரு வழி. ஏனையோருக்கு வேண்டா.

அண்ணனுக்கு நான் சொன்ன முடிவு இதுதான்: 12 இலட்சத்துக் காரை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். 72,400 ரூபாயை ஐந்தாண்டு கடன்காரனுக்குக் கட்டுவதுபோலவே உங்கள் கணக்கில் கட்டுங்கள்; வட்டியே இல்லாவிட்டாலும் 43 இலட்சம் சேரும். அன்றைக்கும் அந்தப் படகுக் கார்மேல் ஆசை இருந்தால் ரொக்கமாகப் போய் வாங்குங்கள். நானே வந்து எலுமிச்சம்பழம் வைக்கிறேன். அவர் சிரித்தார். “அப்போது எனக்கு முப்பத்து நாலு வயதாகிவிடுமே” என்றார். முப்பத்து நாலில் மனிதன் கார் ஓட்டக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதென்று கேட்டேன். அதற்கு விடை சொல்லாமல், “அந்த முறையீட்டை ஆங்கிலத்தில் எழுதுவதா, இந்தியில் எழுதுவதா?” என்று கேட்டார்.

முன்பணம் இரண்டு இலட்சம் ஏற்கெனவே கட்டியிருக்கிறாராம். திரும்பப் பெறுவதற்கு இம்மாத இறுதி வரை தவணை இருக்கிறது. அவர் காட்சியறைக்கு எதை வாங்கப் போகிறார், பணத்தையா சாவியையா என்பது இவ்விதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது தெரிந்திருக்கும்.